ஆளுக்கு மூன்று உயிர்!

ஹடப்சர் தொழிலாளர் வீடுகளில் வீடியோ கேம் ஆடிய காலம்

ஹடப்சர் காடிதள் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடைதூரத்தில் ஒரு சிறிய வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மேலே ஒரு பரண். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் 32 வருஷம் பிட்டராக வேலை பார்த்த ஒருவர், பிராவிடண்ட் பண்டில் கடன் போட்டுக் கட்டிய வீடு அது. அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்கு இப்போது ஒரு காண்டிராக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அண்மையில் ஒரு நாள் பரணை ஒழித்து வைப்பதற்காக அவருடைய மகள் வந்திருந்தார். பித்தளைத் தவலை, உடைந்த அரிக்கேன் விளக்கு, பழைய ரயில்வே கால அட்டவணை, பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகள். இவற்றுக்கெல்லாம் அடியில் சணல் கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே, வெள்ளை நிறம் மஞ்சளாகிப் போன ஒரு வீடியோ கேம். வயரோடு இரண்டு ரிமோட்டுகள். ஏழு கேசட்டுகள். ஒரு விளையாட்டுத் துப்பாக்கி.

அந்த அம்மாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு பேருக்குப் போன் செய்தார். ஒருவர் அண்ணன், ஓசூரில் இருக்கிறார். இன்னொருவர் தம்பி, ஹடப்சரிலேயே மகர்பட்டாவில் இருக்கிறார். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷமாகிறது. காரணம் வேறொன்றுமில்லை. இந்த வீடுதான்.

போனஸில் வந்த பெட்டி

1990-களின் நடுவில் ஹடப்சர் இப்படி இருக்கவில்லை. ஷோலாப்பூர் ரோட்டின் இருபுறமும் தொழிற்சாலைகள். அவற்றைத் தாண்டினால் கரும்புத் தோட்டங்கள். தமிழ்க் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. கிர்க்கி, தேஹு ரோடு போல இங்கே தமிழர்கள் கூட்டமாக இல்லை. ஆகவே பிள்ளைகள் தெருவில் மராத்திப் பிள்ளைகளோடுதான் சேர்ந்து வளர்ந்தார்கள்.

தொழிலாளர் வீட்டில் டெலிவிஷன் வந்துவிட்டிருந்த சமயம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வர ஆரம்பித்தது. "டி.வி.யில் நாமே படம் ஓட்டலாம்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். 'சாமுராய்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் வேறு. உள்ளே இருந்த சரக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புனே நகரத்தில் இதற்கு இடம் புதவார் பேட்டையை ஒட்டிய தப்கீர் கல்லி. மின்சார சாமான்களும் ரேடியோ சாமான்களும் தோரணம் கட்டித் தொங்கும் அந்தக் குறுகிய தெருவில் கேசட் பேரம் பேசாத பையன்கள் குறைவு. கோடை விடுமுறைக்கு மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போன குடும்பங்கள் சில, திரும்பும்போது பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரில் வாங்கி, துணி மூட்டைக்குள் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வந்ததும் உண்டு.

நமது பிட்டர் வீட்டுக்குப் பெட்டி வந்தது ஒரு தீபாவளிக்கு. அந்த வருஷம் போனஸ் வந்ததும் வீட்டு அம்மாள் கேட்டது ஒரு மிக்சி. சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கியதோ வீடியோ கேம்!

"சட்னிக்கு இதில் அரைக்க முடியுமா?" என்று அம்மாள் கேட்டார்.

"ஊரில் நாம் தாயம் ஆடவில்லையா? பல்லாங்குழி ஆடவில்லையா? பசங்க ஆடட்டுமே" என்றார் அவர்.

"தாயத்துக்குக் கரண்டு பில் உண்டா?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. மறு வருஷப் போனஸில் மிக்சி வந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை வீட்டில் பழமொழி போல வழங்கி வருகிறது.

ஜப்பானில் பிறந்த கதை

இந்தப் பெட்டிகளின் தாய் வீடு ஜப்பான். கியோட்டோ நகரில் 1889-ம் வருஷம் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி நின்டெண்டோ. 1983-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி அந்தக் கம்பெனி 'ஃபாமிகாம்' என்ற வீட்டு விளையாட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிவப்பும் வெள்ளையுமான பெட்டி. விலை 14,800 யென். இதை வடிவமைத்த என்ஜினீயர் மசாயுகி உவேமுரா. 2021 டிசம்பரில் காலமானார்.

அமெரிக்காவுக்கு 1985-ல் போனபோது பெட்டியின் உருவமும் பெயரும் மாறின. உலகம் முழுவதும் ஆறு கோடிக்கும் அதிகமான பெட்டிகள் விற்றன. அது கம்பெனிக் கணக்கு. தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் அதைப் பார்த்து அப்படியே செய்த பெட்டிகளுக்கு யாரிடமும் கணக்கில்லை. நம் ஊர்த் தொழிலாளி வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த வகைதான். கேசட்டின் மேல் '9999999 ஆட்டங்கள்' என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் சில டஜன் ஆட்டங்கள்தான். அவையே பெயர் மாறி, கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வரும். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "அத்தனையும் ஆடிப் பார்த்துவிட்டு வா, பேசலாம்" என்பார்!

இயந்திரத்தின் நினைவாற்றல் எவ்வளவு தெரியுமா? இரண்டு கிலோபைட். ஆபீசில் டைப் அடிக்கும் ஒரு தாளில் அடங்கும் ஆங்கில எழுத்துகள் அளவு. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ' ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் முடிந்துவிட்டது. இடம் பற்றாததால் செய்த சிக்கனங்கள் வேடிக்கையானவை. மரியோ ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். வர்ணம் மட்டும் வேறு. மரியோவுக்கு மீசை வந்ததும் அப்படித்தான். அவ்வளவு சிறிய முகத்தில் வாய் வரைய இடமில்லை. தலைமுடி வரைவது கஷ்டம் என்று தொப்பி போட்டுவிட்டார், அந்த உருவத்தைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ. இருக்கிற துணிக்குள் சட்டை தைக்கும் வித்தை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதல்லவே!

வியாழக்கிழமை விவகாரம்

புனே வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கோ ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளைகள் பள்ளியில்; பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் அப்பா ஷிப்டில். ஆகவே ஞாயிறு காலை முதல் ஷிப்டுக்கு அப்பாவின் சைக்கிள் தெரு முனை திரும்பியதோ இல்லையோ, ஆன்டெனா வயர் கழன்றுவிடும்.

பெட்டியை இணைப்பது ஒரு சடங்கு. டி.வி.யின் பின்புறம் ஒருவன், முன்புறம் ஒருவன். முன்னால் இருப்பவன் திருகைத் திருகிக்கொண்டே, "வருது, வருது, போச்சு!" என்பான். புள்ளிப் புள்ளியாக இரைச்சல். திடீரென்று நீலமோ கறுப்போ தெரிந்து ஆட்டத்தின் பெயர் நின்றால் வீடே ஆரவாரம். பிக்சர் டியூப் போய்விடும் என்று அம்மாள் பயந்தார். அக்கம்பக்கத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் பயந்தார்கள்.

ஆட்டம் நின்று போனால் கேசட்டை உருவி, அடிப்பக்கம் வாயை வைத்து 'பூ' என்று ஊதுவார்கள். மீண்டும் செருகினால் ஓடும். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. டோக்கியோப் பையனும் ஊதினான், ஹடப்சர்ப் பையனும் ஊதினான். உண்மையில் ஊதியதால் பிரயோசனம் ஒன்றுமில்லை. எச்சில் ஈரம் பட்டு உலோகப் பல் கெட்டதுதான் மிச்சம். உருவித் திரும்பச் செருகும்போது பற்கள் சரியாகப் பதிந்ததே காரணம். ஊதின பேருக்கு இன்றைக்கும் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வாத்து சுடும் துப்பாக்கியும் ஓர் அதிசயம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் வாய்க்குள் இருக்கும் ஒளியறியும் கண் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால்தான் வாத்து விழும். பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்த கெட்டிக்காரர்கள் தோற்றதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவுக்கும் நடுவில் கரண்ட் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இந்தக் கேசட்டுகளில் கிடையாது. ஏழாவது கட்டத்தில் இருந்தவனும் முதல் கட்டத்தில் இருந்தவனும் ஒன்றுதான். மின்சார போர்டுக்கு மூன்று பாஷையில் அர்ச்சனை நடக்கும்.

"மாஜா நம்பர்!"

மூன்று பாஷை என்று சொன்னது சும்மா இல்லை. ஒரு பாயில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் யோசனை சொல்கிறவர்கள். "மாஜா நம்பர், மாஜா நம்பர்" என்று மராத்திப் பையன் தன் முறைக்குக் கத்துவான். "டேய், இன்னும் ஒரு உயிர் இருக்குடா" என்று தமிழில் பதில் வரும். சண்டை முற்றினால் இந்தி. 'லைப்', 'ஸ்டேஜ்', 'பாஸ்' ஆகிய மூன்று சொற்களும் எல்லோருக்கும் பொது.

பள்ளிக்கூடத்தில் மராத்தி பாடத்தில் திண்டாடிய தமிழ்ப் பிள்ளைகள், இந்தப் பாயில் உட்கார்ந்து மராத்தி பேசக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ "இருடா", "போச்சு", "அவ்ளோதான்" என்று கற்றுக்கொண்டார்கள். "எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருந்ததால்தான் தெருவில் எங்களை 'மத்ராசி' என்று கூப்பிடுவது நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்" என்கிறார் தம்பி. அவர் இன்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிடாமல் ஒன்றாகச் சேர்ந்து, சுமார் 400 ஏக்கரில் எழுப்பிய நகரம் மகர்பட்டா. அவர் சிறுவனாக இருந்தபோது கரும்பு தின்ற வயலின் மேல் இன்று அவருடைய ஆபீஸ் நிற்கிறது.

இரண்டு ரிமோட், மூன்று பிள்ளைகள்

எல்லா வீட்டிலும் ரிமோட் இரண்டுதான். இந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று. முதல் ரிமோட் அண்ணனுக்கு. ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானும் தேர்ந்தெடுக்கும் பொத்தானும் அதில்தான் உண்டு என்பதால் அதிகாரமும் அதற்குத்தான். இரண்டாவது ரிமோட் தம்பிக்கு. நடுவில் பிறந்த பெண்ணுக்கு?

"நான் வாசலில் உட்கார்ந்து அப்பா சைக்கிள் மணி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. மணி கேட்டதும் ஓடிவந்து சொன்னால், ஒரே நிமிஷத்தில் வயர் கழன்று, பாடப் புத்தகம் விரிந்திருக்கும்" என்கிறார் அவர்.

அப்படி வாசலில் உட்கார்ந்தே அவர் எல்லா ஆட்டத்தையும் பார்த்துப் பாடம் பண்ணினார். எந்தச் செங்கல்லை முட்டினால் காசு, எந்தக் குழாய்க்குள் இறங்கலாம், எந்த ஆமை எப்போது திரும்பும் என்பதெல்லாம் மனப்பாடம். கோடை மத்தியானம் அண்ணனும் தம்பியும் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாக ஆடினார். மரியோ ஆட்டத்தின் எட்டாவது உலகத்தை முடித்து ராஜகுமாரியை மீட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அதைச் சொன்னால் தூங்கும் நேரத்தில் ஆடியது தெரிந்துவிடும். ஆகவே பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை!

அருவியில் ஏறும் ஆட்டம்

அண்ணனும் தம்பியும் உயிரை விட்டு ஆடியது 'கான்ட்ரா'. 1987-ல் கொனாமி கம்பெனி கடைத்தெரு விளையாட்டு இயந்திரங்களுக்காகச் செய்து, 1988-ல் வீட்டுப் பெட்டிக்கு வந்த ஆட்டம். இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து போக வேண்டும். ஆளுக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும்.

மூன்று உயிரில் முடிக்கக்கூடிய ஆட்டமா அது? அதற்கு ஒரு மந்திரம் இருந்தது. ஆரம்பத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாக அழுத்தினால் மூன்று உயிர் முப்பது உயிராகும். வாய்ப்பாடு வராத பையனுக்கும் இது வரும். இந்த மந்திரத்தைப் படைத்தவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர். 1986-ல் 'கிராடியஸ்' என்ற வேறோர் ஆட்டத்தைச் செய்தபோது, தாமே ஆடிச் சோதித்துப் பார்க்க முடியாதபடி அது கடினமாக இருந்ததால், தமக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். விற்பனைக்குப் போகுமுன் அதை எடுக்கவில்லை. அது உலகம் முழுவதும் பரவிவிட்டது. அவர் 2020 பிப்ரவரியில் காலமானபோது பல தேசங்களில் நடுவயதுக்காரர்கள் துக்கம் தெரிவித்தார்கள்.

ஆனால் இந்த முப்பது உயிரையும் தின்றுவிடும் ஓர் இடம் உண்டு. மூன்றாவது கட்டம். ஓர் அருவியின் ஓரமாகப் பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவன் மேலே தாவினால் திரையும் மேலே நகரும். கீழே நிற்கிறவனின் பாறை திரையை விட்டு மறைந்துவிடும். அவன் கால் வைக்க இடமில்லாமல் செத்துப்போவான். எதிரி சுட வேண்டியதே இல்லை. கூட வருகிறவன் வேகமாக ஏறினாலே போதும்.

"தாம்ப், தாம்ப்! அண்ணா, கொஞ்சம் இரு!" என்று தம்பி கத்துவது தெருவுக்கே கேட்குமாம்.

அண்ணன் சில நாள் நிற்பார். சில நாள் நிற்கமாட்டார். உயிர் எல்லாம் தீர்ந்துபோன தம்பி, பொத்தானை அழுத்தி அண்ணன் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்வார். அதற்கும் அந்த ஆட்டத்தில் வழி உண்டு. "கேட்காமல் எடுத்தாயே!" என்று அண்ணனுக்கு ஆத்திரம் வரும். அன்றைக்கு ஆட்டம் அடிதடியில் முடியும்.

கணக்கு வந்த கதை

காலம் ஓடியது. அண்ணன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்து வேலைக்குப் போனார். அவர் போன மாதமே பெட்டி பரணேறியது. ஆடுவதற்கு ஆள் வேண்டுமே! பிறகு கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது. நின்டெண்டோ கம்பெனியே 2003-ல் ஃபாமிகாம் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

தம்பியை என்ஜினீயரிங் படிக்க வைத்ததில் அண்ணன் சம்பளமும் சேர்ந்திருந்தது. தந்தை காலமானதும், வீட்டுப் பங்கு பேச்சு வந்தபோது அண்ணன் அதைச் சொன்னார். "அப்பா வீடு அப்பா வீடுதான், உன் பணத்தைத் தனியாகத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்றார் தம்பி. வார்த்தை தடித்தது. அண்ணன் அந்த இரவே ரயிலேறிவிட்டார். பிறகு வந்ததெல்லாம் உறவினர் மூலம் தகவல்கள்தான்.

இந்த இரண்டு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரிப்பதைப் பற்றியே பேசினார்கள் என்பதுதான் இதில் விசேஷம். தகப்பனார் உயில் எழுதவில்லை. அவர் சொந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அப்படியானால் 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சமபங்கு. ஆக, பங்கு இரண்டல்ல, நான்கு. அம்மாள் மகளோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் மகள்தான். அந்த மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பழையபடி நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் அவர். ஆனால் அந்தச் சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை.

மறுபடியும் ஒரு ஞாயிறு

போனில் அவர் வீட்டு விஷயத்தை எடுக்கவில்லை. "கேம் பெட்டி கிடைத்திருக்கிறது. பங்கார்க்காரனுக்குப் போடட்டுமா, நீங்கள் வந்து பார்க்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் "போடாதே" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

வந்த பிறகுதான் ஒரு சங்கடம். வீட்டில் இருப்பது சுவரில் மாட்டும் தட்டை டி.வி. அதில் பெட்டியைப் பொருத்தினால் படம் எப்படியோ வந்தது. துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. பழைய டியூப் டி.வி. கட்டளை வந்த கணமே படத்தைத் தீட்டிவிடும். புதிய டி.வி.யோ படத்தை வாங்கிச் சரிசெய்து காட்ட ஒரு சிறு நொடி எடுத்துக்கொள்கிறது. துப்பாக்கிக்கு அந்த நொடி பொறுக்காது. எத்தனை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருந்தது. தெருமுனை டி.வி. மெக்கானிக் கடையில் மூலையில் கிடந்த ஒரு டியூப் டி.வி.யை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். "பார்த்து வா", "படி இருக்கு" என்று வழியில் நாலு வார்த்தை பேச வேண்டியதாயிற்று. இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

கான்ட்ரா கேசட்டைச் செருகினார்கள். வரவில்லை. ஐம்பதை நெருங்கும் அண்ணன் அதை உருவி 'பூ' என்று ஊதினார். வந்துவிட்டது!

அண்ணன் பழக்கதோஷத்தில் முதல் ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். "இன்றைக்கு அது என்னிடம் இருக்கட்டும், அண்ணா" என்றார் தங்கை. அண்ணன் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டாவது ரிமோட்டைத் தம்பி அண்ணனிடம் நீட்டினார்.

மந்திரத்தை யார் மறந்திருந்தார்கள்? மூன்று பேரும் ஒரே குரலில் சொல்ல, முப்பது உயிர் வந்தது. அருவிக் கட்டத்தில் தங்கை விறுவிறுவென்று ஏறினார். கீழே அண்ணனுக்கு விரல் வளையவில்லை. "இரும்மா, இரு!" என்றார். அவர் நின்றார். அண்ணன் பாறையைப் பிடித்து ஏறும்வரை, எதிரியின் குண்டுக்குத் தப்பி ஒரே இடத்தில் குதித்துக்கொண்டே நின்றார். அப்படியும் அண்ணன் இரண்டு முறை விழுந்தார். பிறகு ரிமோட் தம்பி கைக்குப் போயிற்று.

தம்பியின் பத்து வயது மகன் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செல்போனில் வேறு ஊர் நண்பர்களோடு காதில் கருவி மாட்டிக்கொண்டு ஆடுகிறவன். அதுவும் நட்புதான், குறை சொல்வதற்கில்லை. அவனுக்கு ஒரு சந்தேகம்: "இதை ஸேவ் பண்ணி வைத்துவிட்டு அடுத்த வாரம் ஆட முடியாதா?"

"முடியாதுடா. எழுந்துபோனால் முதலிலிருந்துதான்" என்றார் பெரியப்பா.

ஏழாவது கட்டத்தில் ஆட்டம் முடிந்துபோயிற்று. அம்மாள் காப்பி கொண்டு வந்து வைத்தார். "அப்பவே மிக்சி வாங்கியிருந்தால் இத்தனை வருஷம் வந்திருக்குமா?" என்று தம்பி கேட்டதற்கு, "மறு வருஷம் வாங்கின மிக்சி இன்னும் அரைக்குது" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

காப்பி முடிந்ததும் தங்கை காண்டிராக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தார். "பங்கு நாலு. எனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நான் சொல்கிறேன். நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அம்மாவும் சொல்வார்கள்" என்றார். சிறிது நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, "நாலுதான். அதில் என்ன சந்தேகம்?" என்றார் அண்ணன். படிப்புச் செலவுக் கணக்கு அன்று தீரவில்லை. அது இன்னும் பாக்கிதான். ஆனால் அதை அண்ணனும் தம்பியும் நேரில் உட்கார்ந்து பேசுவதென்று ஏற்பாடாகியிருக்கிறது.

அண்ணன் அன்றிரவு ரயிலுக்குக் கிளம்பினார். ஹடப்சரிலிருந்து புனே ஸ்டேஷன் வரை தம்பி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். டியூப் டி.வி.யைத் திருப்பிக் கேட்டு மெக்கானிக் இதுவரை ஆள் அனுப்பவில்லை. பெட்டி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. சணல் கயிறு திரும்பக் கட்டப்படவில்லை.